முந்திக்கொள்ளும் கால்

டீக்கடைக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போதே செல்லமுத்துவின் இடது கால் தரைக்கு வந்துவிடுகிறது. பிரேக் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். செருப்பின் குதிகால் தார்ச்சாலையில் சர்ரென்று இழுபடும். வண்டி குழைந்து வந்து பெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். மழை பெய்தாலும், பின்னால் அரிசி மூட்டை இருந்தாலும் அந்த ஒரு சாண் முக்கால் சாண் ஆனதில்லை. நின்றதும் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்ப்பார், யாராவது கவனித்தார்களா என்று.

இதில் அடி வாங்குவது செருப்புதான். நாலு மாதத்தில் இடது செருப்பின் குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும். வலது செருப்பு வாங்கிய நாளில் இருந்த மாதிரியே இருக்கும். ஒற்றைச் செருப்பை எந்தக் கடையிலும் கொடுக்க மாட்டார்கள். நல்ல செருப்பைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனம் வராது. தன் பட்டறையின் பின்சுவரில் ஆணி அடித்து, ஒன்பது வலது செருப்புகளை வாங்கிய வரிசைப்படி மாட்டி வைத்திருக்கிறார். "ஒத்தக்கால் சாமி எதும் இருந்தா நேந்துக்கிட்டுப் போயி மாட்டிட்டு வாங்க" என்று அவர் மனைவி செவந்தி வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்.

பட்டறை, திருமயத்திலிருந்து ராயவரம் போகும் சாலையில் இருக்கிறது. இருசக்கர வண்டிகள் மட்டும்தான் பழுது பார்ப்பார். வயது நாற்பத்தொன்று, எட்டாவதோடு படிப்பு முடிந்தது. ஆனால் எழுத்து மணிமணியாக இருக்கும். கழற்றிய நட்டுகளைப் பழைய பேப்பரில் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். பூட்டி முடித்தால் பேப்பரில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்துக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தின் தலைப்பு 'வண்டிக்காரர் சொன்னது'. இரண்டாவது 'நாம் பார்த்தது'.

வண்டிக்காரர் எதைச் சொன்னாலும் ஓர் எழுத்து மாற்றாமல் முதல் கட்டத்தில் எழுதுவார். 'மேட்டக் கண்டா அழுகுது.' 'ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கு.' 'எம் மச்சினன் ஓட்டுனதுல இருந்து சரியில்ல.' பிறகு வண்டியைப் பிரித்து, கண்ணால் கண்டதை இரண்டாவது கட்டத்தில் எழுதுவார். பார்க்காமல் அந்தக் கட்டத்தில் எழுத்து விழாது. பார்த்த பிறகு அது காலியாகக் கிடக்கவும் கிடக்காது. காலிக் கட்டம் ஒன்று இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு இருந்த பெருமை இரண்டு. ஒன்று அந்த ஒரு சாண். மற்றது தங்கை பிரகதீஸ்வரி.

அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவள். பள்ளிக்கூடம், டியூசன், புதுக்கோட்டையில் காலேஜ் படித்தபோது பஸ் ஸ்டாண்டு, எல்லா இடத்துக்கும் அண்ணன் வண்டிதான். சின்ன வயதில் பின்னால் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வருவாள். சக்கரத்தில் மாட்டிவிடும் என்று செல்லமுத்துவுக்குப் பதறும். "காலத் தூக்கி மேல வை" என்பார். தெரு முனை திரும்பியதும் மறுபடியும், "காலத் தூக்கி மேல வை." சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதம் மிதிகட்டையில் ஒட்டிக்கொண்டது. பத்தாவது முடித்ததும் வண்டி பழக வேண்டும் என்று கேட்டாள். "எதுக்குத்தா? எங்கிட்டுப் போகணுமோ சொல்லு. நான் இருக்கேன்ல" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமாகி, கணவர் குவைத்துக்குப் போன பிறகு அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வந்து குடியிருந்தாள். அப்போதும் மளிகைக்கு அண்ணன் வண்டிதான்.

போன தை மாதம் அந்தப் பெருமையில் முள் குத்தத் தொடங்கியது. ஊருக்குத் தெற்கே தைலமரம் வெட்டிய செம்மண் பொட்டலை, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அருண்குமார் குத்தகைக்கு எடுத்தார். மேடும் பள்ளமுமாகத் தடம் போட்டு, நாலு சக்கர பைக்குகள் ஆறு இறக்கினார். கோட்டை பார்க்க வருகிறவர்கள், செட்டிநாட்டு வீடுகளில் வந்து தங்குகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்து பொழுது போகாத இளவட்டங்கள் எல்லாம் அங்கே சேர்ந்தார்கள். பிரகதீஸ்வரி அங்கே டிக்கெட் கொடுக்கத்தான் போனாள்.

ஆள் வராத ஒரு மத்தியானம் சும்மா ஏறி ஓட்டிப் பார்த்தாள். அங்கே வேலைக்கு இருந்தவர்கள் எல்லாம் பைக்கிலேயே ஊறியவர்கள். வண்டி சாய்ந்தால் அவர்கள் கால் கேட்காமலே தரைக்குப் போகும். பைக்கில் அது காப்பாற்றும். இந்த வண்டியில் பின்சக்கரம் தடித்து, வெளியே அகன்று நிற்கும். ஊன்றிய கால் மேல் சொந்த வண்டியே ஏறிவிடும். பிரகதீஸ்வரிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வண்டி எப்படிச் சாய்ந்தாலும் இரண்டு பாதமும் மிதிதட்டில் இருக்கும். உடம்பு மட்டும் மேட்டுப் பக்கம் சாயும். மூன்றே மாதத்தில், முன்னால் வண்டி ஓட்டி வழி காட்டுகிறவள் அவள் ஆனாள். காலையில் ஆறு வண்டிக்கும் பிரேக், காற்று, ஆக்சிலேட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவள்தான்.

செல்லமுத்து ஒருநாள் கம்பி வேலிக்கு வெளியே நின்று, அவள் வகுப்பெடுப்பதைக் கேட்டார்.

"பைக் ஓட்டத் தெரியாதவங்க கையத் தூக்குங்க. நீங்கள்லாம் பயப்படவே வேணாம். பைக் நல்லா ஓட்டுவேன்னு நெனைக்கிறவங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

கூட்டம் சிரித்தது. செல்லமுத்து சிரிக்கவில்லை. அவருடைய இடது செருப்பு செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே உறுத்தியது. பேண்ட் போட்ட ஆம்பிளைகள் அவளை "மேடம்" என்றது உறுத்தியது. பட்டறை பக்கத்திலேயே இருக்க, அந்த வண்டிகளைப் பார்க்கத் திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்தது உறுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வார்த்தை. காரைக்குடிக்காரர் ஒருவர் பஞ்சர் ஒட்ட வந்தவர், போனில் யாருக்கோ இடம் சொன்னார்: "அதான், பிரகா மேடம் அண்ணன் பட்டறை." இருபத்தெட்டு வருசமாக அவள் செல்லமுத்து தங்கச்சியாக இருந்தவள். அன்று பஞ்சர் ஒட்டிய இடத்தை அவர் தண்ணீரில் மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார், ஓட்டை இல்லை என்று தெரிந்தும்.

சிறு வயதுக் கூட்டாளி உதயசூரியன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வாய் சும்மா இருக்காது. "மாப்ள, ஒன் தங்கச்சி வண்டி திரும்புனப்ப எழும்புன புழுதி இன்னும் கீழ எறங்கலடா" என்பார்.

"நாலு சக்கரம் இருந்தாக் கோழி கூட ஓட்டும்" என்பார் செல்லமுத்து.

"ஏங்க, தங்கச்சியப் பாத்து வயித்தெரிச்சப்படுற அண்ணன இப்பத்தாங்க பாக்குறேன்" என்றாள் செவந்தி, இதைக் கேட்டுவிட்டு.

"நான் எதுக்குடி படணும்? அது எந் தங்கச்சி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "அந்த எடத்துல ஒரு ரவுண்டு போயி வந்தாத்தான் தெரியும், அதுல என்ன இருக்குன்னு" என்றார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதயசூரியனைக் கூட்டிக்கொண்டு போனார். தங்கை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் டிக்கெட் வாங்கினார். செருப்பைக் கழற்றச் சொல்லி, அங்கே வைத்திருந்த ஷூவைக் கொடுத்தாள். ஹெல்மெட்டின் வாரை அவர் தாடைக்குக் கீழே மாட்டினாள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டினாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. கால மட்டும்..."

"எனக்கா சொல்ற?"

"எல்லாருக்கும் சொல்றதுதாண்ணே."

"எல்லாருக்கும் சொல்லு, போ."

முதல் இரண்டு சுற்று நன்றாகத்தான் போனது. கையை முறுக்காமல் கட்டைவிரலால் அமுக்கும் ஆக்சிலேட்டரும் பிடிபட்டுவிட்டது. மூன்றாவது சுற்றில் முன்னால் போன தங்கையின் முதுகு மட்டும்தான் கண்ணில் நின்றது. தடத்தோரம் இருந்த கரையான் புற்றுக்குப் பக்கத்தில் இடப்புறம் திரும்பும் இடம். அங்கே உள்பக்கமாகப் புகுந்து அவளை முந்திவிடலாம் என்று கட்டைவிரலை அமுக்கினார். வண்டி சாய்ந்தது. காலை அவர் விடவில்லை, கால் முந்திக்கொண்டது. அது தரையைத் தொட்ட அதே நொடியில் பிரகதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, பச்சைக் கொம்பை முறித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவள்தான் முதலில் ஓடி வந்தாள். "யாரும் காலத் தொடாதீங்க. ஷூவக் கழட்டாதீங்க" என்று கத்தினாள். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து மடித்து, முட்டியிலிருந்து பாதம் வரை சேர்த்துக் கட்டினாள். "அண்ணே, அங்கிட்டுப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க." சுற்றிலும் பதினைந்து பேர். வேலியோரம் நின்றவர்களும் வந்துவிட்டார்கள். உதயசூரியன் குனிந்து, "என்ன மாப்ள, கால விட்டுட்டியா?" என்று கேட்டார்.

"பிரேக் புடிக்கலப்பா" என்றார் செல்லமுத்து.

கட்டிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த முடிச்சைப் போட்டது.

உதயசூரியனின் லோடு ஆட்டோவில்தான் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கணுக்காலில் இரண்டு எலும்பு. முட்டி வரைக்கும் மாவுக்கட்டு, ஆறு வாரம். பட்டறைச் சுவரிலிருந்த வலது செருப்புகளுக்கு முதன்முதலாக வேலை வந்தது.

நாலாவது நாள் அருண்குமார் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பிரகா மேடத்துக்கிட்டக் கேட்டேண்ணே. நான் திரும்பிப் பாக்கல, எனக்குத் தெரியாதுங்கிறாங்க. காலைல பிரேக் பாத்ததா அவங்க கையெழுத்து இருக்கு. நீங்க பிரேக் புடிக்கலங்கிறீங்க. நீங்க மெக்கானிக்கு. ஒங்க வார்த்தைக்கு மேல என்ன இருக்கு?"

எட்டு மாதத்தில் அந்த மனிதர் செல்லமுத்துவை மெக்கானிக் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தை கஞ்சியில் போட்ட வெல்லம் மாதிரி உள்ளே கரைந்தது.

"லீவர அமுக்குனேன். தொளதொளன்னு வந்துச்சு" என்றார். அன்று மண்ணில் கிடந்தபோது சொன்னது வலியில் வந்தது. இது தலையணையில் சாய்ந்துகொண்டு சொன்னது.

அருண்குமார் தலையாட்டினார். "அப்ப பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. திருச்சியில இருந்து மெக்கானிக் வரட்டும். நெசமுன்னா அவங்கள வச்சிக்கிர முடியாதுண்ணே. நாளைக்கு யாரு புள்ளைக்கோ ஒண்ணு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும். அதுவரைக்கும் டிக்கெட்ல ஒக்காரட்டும்."

தங்கை டிக்கெட் மேசைக்குத் திரும்பினாள் என்று கேட்ட அன்று மத்தியானம் செல்லமுத்து இரண்டாவது தடவை குழம்பு கேட்டார். செவந்தி ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கரண்டியோடு நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

பிரகதீஸ்வரி தினமும் சாயங்காலம் வருவாள். மாவுக்கட்டுக் காலைத் தூக்கித் தலையணை மேல் வைப்பாள். விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லி நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்ப்பாள். மண் தடத்தைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, பையை அவர் கட்டிலில் வைத்துவிட்டுச் செவந்திக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்க உள்ளே போனாள். பையிலிருந்து ஒரு நீள நோட்டு எட்டிப் பார்த்தது. கோடு கோணலாக இருந்தால் சொல்லலாம் என்றுதான் செல்லமுத்து அதை எடுத்தார்.

கோடு நேராக இருந்தது. சிவப்பு மை. பக்கத்துக்கு இரண்டு கட்டம். 'அடிபட்டவர் சொன்னது'. 'நாம் பார்த்தது'.

அவருடைய நோட்டேதான். தலைப்பு மட்டும் மாறியிருந்தது. தடம் திறந்த நாளிலிருந்து அங்கே அடிபட்ட ஒவ்வொருவரும் அதில் இருந்தார்கள். பெயர், வயது, எந்த இடத்தில் அடி, என்ன கட்டுப் போட்டது, யார் கூட்டிப் போனது. தோள்பட்டை ஒன்று. மணிக்கட்டு ஒன்று. மற்றதெல்லாம் கால், அதிலும் முக்கால்வாசி இடது கால். முதல் கட்டத்தில் அவரவர் சொன்னது அப்படியே இருந்தது. 'எப்பவும் போலத்தான் வச்சேன்.' 'வண்டிதாங்க என் கால் மேல வந்துச்சு.' 'புல்லட்டே ஓட்டுறேன், இது என்னன்னு நெனச்சேன்.' 'எங்க வீட்டுல சொல்லிராதீங்க மேடம்.' எதிரே இரண்டாவது கட்டத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: திருப்பத்தில் கால் ஊன்றினார்.

தன் கவலையை மறந்து செல்லமுத்து இரண்டு இடத்தில் சிரித்தேவிட்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

செல்லமுத்து. வயது 41. இடது கணுக்கால், எலும்பு முறிவு. அட்டை வைத்துக் கட்டியது. 'பிரேக் புடிக்கலப்பா.'

எதிரே இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.

அந்த நோட்டிலேயே அது ஒன்றுதான் காலி. அவர் முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார். ஒன்றே ஒன்றுதான்.

"பிரகா."

கையில் வெங்காயத்தோடு வாசலுக்கு வந்தாள். அவர் மடியில் நோட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"இந்தக் கட்டம் ஏன் காலியாக் கெடக்கு?"

"நான் பாக்கலண்ணே."

"நீ திரும்புன."

"இல்லண்ணே."

"திரும்புனத்தா. நான் ஒன் மூஞ்சியப் பாத்தேன்."

வெங்காயத் தோலை விரலால் கிள்ளிக்கொண்டே நின்றாள். கண் கலங்கியிருந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம். "நாளைக்குத் திருச்சிக்காரரு வாராரு. சாரு இந்த நோட்டையும் கொண்டாரச் சொல்லியிருக்காரு" என்றாள். பிறகு வந்து நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அன்று செல்லமுத்து தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டார். எழுதுகிற பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தக் கட்டத்தை அவரே நிரப்பியிருக்கலாம். ஆனால் அந்த முறையைப் போட்டவர் அவர். அடிபட்டவர் கை இரண்டாவது கட்டத்துக்குள் வரக் கூடாது. அது பார்த்தவர்களுக்கு உரியது. தங்கை பார்த்தும் எழுதவில்லை. எழுதினால் அண்ணன் பொய்யன் ஆவார். எழுதாவிட்டால் அவளுக்கு வேலை போகும். அந்த இரண்டில் எது என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, அவருக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதிலும் தன்னை முந்திவிட்டாளே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குக் கொஞ்சம் கூசினார்.

மறுநாள் காலையில் உதயசூரியனுக்குப் போன் போட்டார். "ஆட்டோவ எடுத்துக்கிட்டு வா. மண்ணுத் தடத்துக்குப் போகணும்."

"கட்டோடயா? இன்னொரு காலும் இருக்குன்னா?"

"வாடா."

பொட்டலில் வெள்ளிக்கிழமையாக இருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் டிக்கெட்டுக்கு நின்றார்கள். அன்று அவர் ஓட்டிய வண்டியை வெளியே நிறுத்தி, திருச்சி மெக்கானிக் பிரேக்கைப் பிரித்துப் பார்த்து மறுபடியும் பூட்டியிருந்தார். அருண்குமார் கையில் அந்த நீள நோட்டு இருந்தது. பிரகதீஸ்வரி டிக்கெட் மேசைக்குப் பின்னால் இருந்தாள். அண்ணன் கக்கத்தில் கட்டையை ஊன்றி, ஒற்றைச் செருப்போடு இறங்குவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"இப்ப நல்லாத்தான் சார் புடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார் மெக்கானிக். "அன்னைக்கு என்ன ஆச்சுன்னு ஓட்டுனவருதான் சொல்லணும்."

"நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணே" என்றார் அருண்குமார். "எந்த எடத்துல பிரேக் விட்டுச்சு? கொஞ்சம் காட்டுங்க."

செல்லமுத்து கட்டையை உதயசூரியனிடம் கொடுத்தார். எந்த வண்டியிலும் இடப்பக்கமிருந்து ஏறுகிறவர், இந்தத் தடவை நொண்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வலப்பக்கம் போனார். வலது காலில் நின்று, மாவுக்கட்டுக் காலை இருக்கைக்கு மேலே தூக்க முயன்றார், முடியவில்லை. பிரகதீஸ்வரி ஓடி வந்து அவர் கக்கத்தில் கை கொடுத்தாள். அவர் உதறவில்லை. காலை அந்தப்பக்கம் போட்டு உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் மிதிதட்டில் வைத்தார்.

பிரேக் லீவரை அமுக்கினார். விட்டார். மறுபடியும் அமுக்கினார். "இது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

பிறகு புற்றுக்குப் பக்கத்துத் திருப்பத்தைப் பார்ப்பதுபோல் பார்வையை இடப்பக்கம் வைத்து, உடம்பைச் சாய்த்தார். டிக்கெட்டுக்கு நின்றவர்கள் கிட்டே வந்துவிட்டார்கள். எல்லார் முன்னாலும், வெள்ளை மாவுக்கட்டுப் போட்ட இடது கால் மிதிதட்டை விட்டு மெல்ல இறங்கி, பின்சக்கரத்துக்கு நேர் முன்னால் செம்மண்ணில் ஊன்றி நின்றது.

அருண்குமார் காலைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார்.

"பாத்தியாத்தா?" என்றார் செல்லமுத்து, தங்கையிடம். "இப்ப எழுது."

அருண்குமார் நீட்டிய நோட்டைப் பிரகதீஸ்வரி வாங்கினாள். பேனாவைத் திறக்கவில்லை. தடத்தில் எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில், அதே வேகத்தில், "மொதல்ல காலத் தூக்கி மேல வைங்கண்ணே" என்றாள்.

செல்லமுத்து காலைத் தூக்கி மேலே வைத்தார்.